ரிமோட் காரணவர்

நாகர்கோவில் பக்கம் சாயங்காலம் ஏழரை மணிக்கு மேல் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். படிப்புரையில் செருப்புகள் கிடக்கும், உள்ளே டிவி ஓடும், பிள்ளைகள் தரையில் கிடப்பார்கள். ரிமோட் மட்டும் கண்ணில் படாது. அது வீட்டு மூத்தவரின் வேட்டிமடியில் இருக்கும். ஒருகாலத்தில் வெற்றிலைப் பொட்டலமும் பத்தாயத்துச் சாவியும் குடியிருந்த இடம் அது.

மடியில் செருகிய ரிமோட்டோடு அவர் தோப்புக்குப் போவார், கோயிலுக்குப் போவார். எங்கள் மாமா ஒருநாள் கோட்டாறு கம்போளத்துக்கே போய்விட்டார். நல்லமிளகு வாங்கிவிட்டுக் காசெடுக்க மடியை அவிழ்த்தபோது ரிமோட் நழுவித் தராசுத் தட்டில் விழுந்தது. கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது இஞ்ச செல்லாது அண்ணாச்சி” என்று திருப்பிக் கொடுத்தார்.

“எதுக்கு மாமா இதையும் கொண்டு நடக்கியோ?” என்று கேட்டேன்.

“நான் இல்லாத நேரம் பாத்து பிள்ளைய கண்ட சவத்தையும் பாத்துத் தொலைக்கும். அதுக்காக்கும்.”

இப்படிப்பட்டவருக்கு ‘ரிமோட் காரணவர்’ என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்குக் காரணவர் யார் என்று சொல்ல வேண்டும். திருவிதாங்கூர் ஆட்சியில் நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடையே மருமக்கள் வழி நடப்பில் இருந்தது. சொத்து பெற்ற மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். அதை மொத்தமாகக் கட்டி ஆளும் தாய்மாமன்தான் காரணவர். யார் படிக்கலாம், யாரை எங்கே கட்டிக்கொடுக்கலாம், எவன் இலையில் இரண்டாம் தடவை அவியல் விழலாம் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். தேரூர்க் கவிமணி இந்தக் கூத்தைத்தான் காரணவரின் ஐந்தாவது மனைவி வாயால் சொல்லவைத்து ‘மருமக்கள் வழி மான்மியம்’ எழுதினார். 1926-ல் சட்டம் வந்தது, சொத்து பாகம் பிரிந்தது. காரணவர் கைக்குத் தோரணை மட்டும் மிஞ்சியது. அந்தத் தோரணைக்கு ஆள ஒரு பொருள் வேண்டுமே. அறுபது வருடம் பொறுமையாகக் காத்திருந்தது. டிவி வந்தது.

முதலில் வந்த பெட்டிக்கு ரிமோட் கிடையாது. ஆனால் இழுத்து மூடும் மரக்கதவும் பூட்டும் உண்டு. சாவி மாமாவின் அரைஞாணில் தொங்கும். குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார். ‘ஒலியும் ஒளியும்’ நேரத்தில் தெருப் பிள்ளைகள் எல்லாரும் மாமாவின் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்றும் ஓர்மை இருக்கிறது.

ஒரு காரணவரை இத்தனை வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தணிக்கை என்பது ஒரு ஞானம். திரையில் எதுவும் நடப்பதற்கு முன்பே காரணவருக்குத் தெரிந்துவிடும். மழை பெய்கிறது, கதாநாயகி ஓடிவந்து திண்ணையில் ஒதுங்குகிறாள், எங்கோ ஒரு வயலின் இழுக்கத் தொடங்குகிறது. போதும். “மக்களே, பாட்டாக்குக் கொஞ்சம் வெந்நி எடுத்திட்டு வாயேன்.” பிள்ளை அடுக்களைக்குப் போய்த் திரும்புவதற்குள் மழை விட்டிருக்கும், ஆட்கள் விலகியிருப்பார்கள், வெந்நீரை மாமா தொடக்கூட மாட்டார். நாளடைவில் வீட்டுப் பிள்ளைகளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வெந்நி என்றால் முத்தம். கதவு சாத்தியிருக்கா என்று பார்த்துவரச் சொன்னால் அதற்கும் மேலே. மூத்த பேரன் ஒரு சொம்பு வெந்நியை முன்கூட்டியே கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு படம் பார்க்க உட்காருவான்.

இதில் வயது வித்தியாசமும் கிடையாது. மாமாவின் மகனுக்கு 42 வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். வயலின் கேட்டதும் மாமா பழக்கதோஷத்தில் அவனையும் வெந்நிக்கு அனுப்பினார். அவனும் போனான்.

சினிமாத் தணிக்கை வாரியம் 2024-ல் யு/ஏ சான்றிதழை ஏழு வயசு, பதிமூணு வயசு, பதினாறு வயசு என்று மூன்றாகப் பிரித்தது. செய்தியைப் பேப்பரில் வாசித்துவிட்டு மாமா, “இப்பமாவது அவனுவளுக்கு வெளிச்சம் வந்துதே” என்றார். ஆனால் அவர் சொந்த வாரியத்தில் இரண்டே வகைதான். பாக்கலாம், பாக்கப்பிடாது.

பாக்கலாம் என்பதில் என்னென்ன வரும் என்று ஒரு வாரம் உட்கார்ந்து கவனித்தேன். எட்டு மணிக்கு மருமகள் மாமியாரின் பாயசத்தில் விஷம் கலக்கிறாள். கேமரா கிண்ணத்துக்குப் போகிறது, முகத்துக்குப் போகிறது, மறுபடி கிண்ணத்துக்கு. பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். வெந்நி கேட்கவில்லை. அது குடும்பக் கதையாம். ஒன்பது மணிக்குச் செய்தி. எங்கோ ஒரு பஸ் ஸ்டாண்டில் ஒருவனை மூன்று பேர் அரிவாளோடு துரத்துகிறார்கள், சிசிடிவிப் படம். வெட்டுகிற இடம் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று சானல்காரன் சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, மெதுவாக ஓட்டி, நான்கு தடவை காட்டினான். எட்டு வயதுப் பேரன் சப்பாத்தியைக் கையில் பிடித்தபடி வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, பிள்ளை பாக்குகான்.”

“பாக்கட்டும்டே. செய்தியல்லா. நாட்டு நடப்பு தெரியாண்டாமா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர் மறைப்பது பிள்ளை பயந்துவிடும் என்பதற்காக அல்ல. பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது தனக்குக் கூச்சம் வருகிற எதையும் மறைக்கிறார். அரிவாளைப் பேரனோடு சேர்ந்து பார்க்க அவருக்குக் கூச்சமில்லை. முத்தம் என்றால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? எங்கள் ஊரில் பாதித் தணிக்கை இந்த முகம் வைக்கிற பிரச்சினைதான். மீதிப் பாதியைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

புத்தகத் தணிக்கையில் நானே பாதிக்கப்பட்டவன். முத்து காமிக்ஸ் 1972-ல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கியது. இரும்புக்கை மாயாவியை நான் கண்டடைந்தபோது எனக்குப் பத்து வயது. மின்சாரத்தைத் தொட்டால் மாயாவி உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். சரித்திரப் புத்தகத்துக்குள் வைத்து வாசித்துக்கொண்டிருந்தவனை மாமா பின்னாலிருந்து பிடித்தார். அப்போது அவர் பள்ளிக்கூட வாத்தியார். “அக்பர் முகத்துல இம்பிட்டு சிரிப்பு எங்கேருந்துலே வந்துது?” என்று கேட்டபடியே பிடுங்கினார். பிளக்கில் விரலைவிட்டு மாயமாகப் பார்ப்பேனாம். அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. தெருக்கோடிப் பையன் ஒருத்தன் பார்க்கத்தான் செய்தான்.

அதே வீட்டில் அம்புலிமாமாவுக்குத் தடை இல்லை. அர்த்தராத்திரியில் சுடுகாட்டு மரத்திலிருந்து ஒரு பிணத்தை வெட்டி இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு ராஜா நடக்கிறான், பிணத்துக்குள்ளிருந்து வேதாளம் பேசுகிறது, மாதாமாதம் இதுவே நடக்கிறது. அதெல்லாம் நீதிக்கதை. பிணம் நம்ம ஊர்ப் பிணம், கை வெள்ளைக்காரன் கை.

பறிமுதலான காமிக்ஸ்கள் மச்சில் பழைய பத்தாயத்துக்குள் போயின. வருடங்கள் கழித்து வீடு பாகம் பிரித்தபோது பத்தாயத்தைத் திறந்தார்கள். இருபத்தேழு புத்தகம், எண் வரிசைப்படி அடுக்கிச் சணலால் கட்டியிருந்தது. ஒற்றெழுத்து விட்ட இடங்களிலெல்லாம் சிவப்பு மையால் ‘ப்’, ‘க்’ போட்டிருந்தது. ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் ‘பார்வையிட்டேன்’ என்று கையெழுத்து, தேதியோடு.

வாரப்பத்திரிகைகளுக்கு வேறு முறை. வீட்டுக்குள் வரும்போதே ஸ்டேப்ளரை எடுத்து ஆகாத பக்கங்களைச் சேர்த்துப் பின் அடித்துவிடுவார். தொடர்கதையில் ஓரிடம், கேள்வி பதிலில் ஓரிடம், நடுப்பக்கம் கட்டாயம். இந்த ஏற்பாட்டை நாங்கள் மிகவும் பாராட்டினோம். முழுப் பத்திரிகையையும் புரட்டித் தேடவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பின் அடிக்காத பக்கங்களை எங்கள் தலைமுறையில் யாரும் வாசித்ததில்லை. குமரிமாவட்டத்துக்காரர்களுக்குப் பொது அறிவு கொஞ்சம் குறைவு என்று யாராவது சொன்னால் காரணம் இதுதான்.

இந்த வியாதி கோட்டாறு, வடசேரியோடு நிற்பதல்ல. 1954-ல் அமெரிக்காவில் ஃபிரெட்ரிக் வெர்த்தம் என்ற மனநல மருத்துவர் காமிக்ஸ் வாசித்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று தடித்த புத்தகம் ஒன்று எழுதினார். அடுத்த வருடமே இங்கிலாந்தில் பேய்க் காமிக்ஸுக்கு எதிராகச் சட்டம். அதற்கடுத்த வருடம், 1956-ல், டெல்லியிலும் ‘இளையோர் (தீங்கு விளைவிக்கும் வெளியீடுகள்) சட்டம்’. நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து நவம்பர் 1-ல் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்து ஆரவாரித்துக்கொண்டிருந்த அதே வருடம். அந்தச் சட்டத்தில் இளையவர் என்றால் 20 வயது நிறையாதவர். 1955-ல் வந்த இந்து திருமணச் சட்டமோ பெண்ணுக்கு 15 வயது நிறைந்தால் போதும் என்றது. ஆக ஒரு பெண் பதினைந்தில் கல்யாணம் முடித்து, இரண்டு பெற்று, மாமியாரையும் ஐந்து வருடம் சமாளித்த பிறகுதான் பேய்ப் படக்கதை வாசிக்கும் பக்குவத்தை அடைகிறாள். மாமியாரோடு இருந்தவளுக்கு அதற்கப்புறம் பேய் எதற்கு என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கலாம்.

மாமாவிடம் தர்க்கம் செய்தால் கடைசியில் கலைவாணரைக் கொண்டுவந்து நிறுத்துவார். “நம்ம ஒழுகினசேரிக்காரன் என்.எஸ்.கிருஷ்ணனுக்கு என்ன வந்துது? எல்லாம் அந்த மஞ்சப் பத்திரிகையால வந்த எளவுதானே?” சினிமாக்காரர்களைப் பற்றி அசிங்கமாக எழுதிக் காசு பார்த்த லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் குத்துப்பட்டுச் செத்தார். தியாகராஜ பாகவதரையும் கலைவாணரையும் அந்த வழக்கில் தண்டித்தார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல்தான் விடுதலை. “அதனாலதான் சொல்லுகேன், கண்டதையும் வாசிக்கப்பிடாதுன்னு.” கலைவாணர் உள்ளே போனது பத்திரிகை வாசித்ததற்காக அல்ல என்று எத்தனையோ தடவை சொல்லிப்பார்த்துவிட்டேன். “நீ மஞ்சப் பத்திரிகைக்கு வக்காலத்து வாங்குகியாடே?” என்பார். அத்தோடு வழக்கு தள்ளுபடி.

இவ்வளவு கண்டிப்பானவர் எங்களை எங்கே கூட்டிப்போனார் என்று கேளுங்கள். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல். இசக்கியம்மனுக்குப் பொங்கலிட. நேர்ச்சைக்கு வைக்கிற இசக்கி பொம்மைகளைப் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு பிள்ளை, வாயில் ஒரு பிள்ளை. வாயில் இருக்கும் பிள்ளையின் கால் வெளியே தொங்கும். ஐந்து வயதில் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்துதான் நான் சர்க்கரைப் பொங்கல் தின்றேன். தோல்பாவைக் கூத்துக்கும் மாமாதான் தோளில் தூக்கிப்போனார். ராமாயணம் என்று பெயர். ராமன் காட்டுக்குப் போக ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வான், இடையில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து பேசுகிற பேச்சில் ஒரு வாக்கியம்கூட எந்தச் சான்றிதழிலும் அடங்காது. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார், தோளில் இருந்த நானும் சேர்ந்து குலுங்குவேன்.

கொடைக்கு வில்லுப்பாட்டு. அர்த்தராத்திரியில் நீலிப் பேயின் கதை. கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, செட்டியைத் துரத்திக்கொண்டு ஊருக்குள் வருகிறாள், இவன் என் புருசன் என்று பஞ்சாயத்தில் அழுகிறாள். ஊரார் அதை நம்பி அவனை அவளோடு ஒரே வீட்டில் வைத்துக் கதவைப் பூட்டுகிறார்கள். பூட்டின பிறகு உள்ளே என்ன நடந்தது என்பதை அண்ணாவி சிவப்பு வட்டம் எதுவும் இல்லாமல் சொல்லுவார். உடுக்கை அதிரும், குடம் திம்திம் என்று அடிவயிற்றில் கேட்கும். எனக்கு மூத்திரம் முட்டும். எழுந்து போகப் பயம். ஆச்சி மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். ஆச்சி சேலையில் கற்பூரமும் வெற்றிலையும் மணக்கும். சுற்றிலும் ஊரே உட்கார்ந்து பயந்துகொண்டிருக்கும். நீலி வந்தால் முதலில் முன்வரிசையில் இருக்கும் தர்மகர்த்தாவைத்தான் பிடிப்பாள் என்று ஒரு நம்பிக்கை. விடிகாலை சுக்குக்காப்பி குடித்துவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது பயத்தில் முக்கால்வாசி கரைந்திருக்கும்.

இதையெல்லாம் வைத்து, பிள்ளைகளுக்கு எதையும் மறைக்கத் தேவையில்லை, எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள் என்று நான் வெகுநாள் பேசிக்கொண்டு திரிந்தேன். கல்யாணமாகாத காலம். பேசுவதற்கு வசதி.

பிறகு போன் வந்தது. மதுரைக் கிளை நீதிமன்றம் 2019 ஏப்ரல் 3-ல் டிக்டாக்கைத் தரவிறக்கம் செய்ய முடியாதபடி தடுக்கச் சொன்னதும் மாமா தெருவில் மிட்டாய் கொடுக்காத குறை. மூன்று வாரத்தில், 24-ம் தேதி, அதே நீதிமன்றம் தடையை விலக்கியதும் ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயது நிறையாதவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கிடையாது என்று வந்த செய்தியைக் கத்தரித்துப் பூசைமுறியில் ஒட்டிவைத்திருக்கிறார். முருகனுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியா.

வீட்டுப் போனுக்கு அவரே கடவுச்சொல் போட்டார். நாலு இலக்கம், எவனாலும் கண்டுபிடிக்க முடியாதாம். அவர் பிறந்த கொல்லம் ஆண்டு, 1122. ஜாதகம் பீரோவில் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பீரோ திறக்கத் தெரியும். அரைமணி நேரம் ஆகவில்லை.

குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. காலை ஐந்தரை மணிக்கு மாமா அதில் ரோசாப்பூவோடு வணக்கம் அனுப்புவார். பேத்திக்கு ஏழு வயது, எழுந்ததும் பாட்டாவின் பூவைப் பார்ப்பது அவளுக்கு வழக்கம். ஒருநாள் பூவுக்குக் கீழே ஒரு வீடியோ இருந்தது. ‘எச்சரிக்கை, அனைவருக்கும் பகிரவும்’ என்று மேலே எழுத்து. லாரிக்கு அடியில் பைக். அதற்குமேல் நான் சொல்லமாட்டேன். அவள் தனியாக, போர்வைக்குள், முழுவதையும் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் கற்பூரம் மணக்கும் சேலை இல்லை, தர்மகர்த்தா இல்லை, விடிகிறபோது சுக்குக்காப்பி இல்லை. அன்று ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை. பைக் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டாள்.

மாமா விசாரணைக் கமிஷன் வைத்தார். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “எந்தச் சவம்டே இதைப் பிள்ளைய பாக்குத எடத்துல போட்டது? ஒருத்தனுக்கும் வகைதொகை இல்லியா?” என்று கத்தினார். யாரும் வாயைத் திறக்கவில்லை. மாமி மட்டும் போனை வாங்கி, விரலால் மேலே தள்ளி, அனுப்பியவர் பெயர் தெரிகிற இடத்தில் நிறுத்தி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு ரிமோட்டை மடியிலிருந்து எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

அன்று முதல் நாலு ராத்திரி, பேத்தி படுக்கும் முறியின் வாசலுக்குக் கட்டிலை இழுத்துப் போட்டுப் படுத்தார். முட்டுவலிக்காரர், அந்தக் கட்டிலில் நிமிரவே முடியாது. அவள் தூங்கும்வரை கதை சொன்னார். அவருக்குத் தெரிந்ததே ஒரு கதைதான். எழுபத்தெட்டு வயசுக் கிழவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கையால் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டபடி, கள்ளிக்கொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு நீலி வருகிற கதையைச் சொல்ல, அந்தப் பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டது. மூன்றாம் நாள் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டாள். வீட்டில் யாருக்கும் வீடியோ அனுப்ப மாமா இப்போது இரண்டு முறை யோசிக்கிறார். ஐந்தரை மணிக்கு ரோசாப்பூ மட்டும் வருகிறது. நானும் என் பங்குக்கு என் வீட்டுப் பிள்ளைகளின் போனை ராத்திரி எட்டு மணிக்கு வாங்கிப் பீரோவில் வைத்துவிடுகிறேன். கூச்சத்துக்காக இல்லை. மீதிப் பாதி என்று சொன்னேனே, அது இதுதான்.

இந்த வருடக் கொடைக்குப் பேத்தி அடம் பிடித்தாள், நிஜ நீலியைக் கேட்கவேண்டும் என்று. மாமா முதலில் பாக்கப்பிடாது என்றார், பிறகு பாக்கலாம் என்றார், பிறகு அவரே கூட்டிக்கொண்டு போனார். வீட்டில் மற்ற பிள்ளைகள் இருக்கிறார்களே, ரிமோட் மடியில்தான். நடுச்சாமத்தில் அண்ணாவி வீசுகோலை ஓங்கி வில்லில் போட்டார், உடுக்கை உச்சத்துக்குப் போனது, கதவு பூட்டுகிற இடம் வந்தது. மாமா படக்கென்று இரண்டு கையாலும் மடியிலிருந்த பேத்தியின் காதுகளைப் பொத்தினார்.

அவள் நெளிந்து, கையைக் கீழே விட்டு, அவர் வேட்டிமடியிலிருந்து ரிமோட்டை உருவி, மேடையைப் பார்த்து நீட்டி ஒரு பொத்தானை அமுக்கு அமுக்கென்று அமுக்கினாள்.

“என்னத்தைப் பிள்ளே அமுக்குக?”

“சத்தம் கூட்டுகேன் பாட்டா. அண்ணாவிக்க சத்தம் ஒண்ணும் கேக்கல்ல. நீங்க ரெண்டு காதையும் பொத்திட்டு இருக்கியோல்லா.”